இரண்டு கடல்களுக்கு நடுவே: மண்டபம் முதல் காரங்காடு வரை

ஞாயிறு, மண்டபம்

விடியும் முன்பே ரயில் மண்டபத்தில் இறக்கிவிட்டது. நிலம் இங்கே ஒடுங்கி வருகிறது. ஒரு கடலில் கால் நனைத்துவிட்டு நடந்தே மறு கடலுக்குப் போய்விடலாம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பிப்ரவரிக் கடைசி. வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, தென்மேற்குக் காற்றான கச்சான் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு கடலும் ஒருசேர அடங்கியிருக்கும் காலம் இது என்பதால்தான் இப்போது வந்தேன்.

வரும்போதே ஒரு கேள்வியோடு வந்தேன். கடலில் ஒரு பகுதியை 'இங்கே கை வைக்காதே' என்று ஒதுக்கினால் மீன் பெருகும், பெருகிய மீன் வெளியே வரும், மீனவர் வலையில் விழும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களாலும் ஊருக்கு வருமானம் வரும் என்கிறார்கள். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஒதுக்கலுக்கு விலை கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

தென்கடலில், தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள். 1986-ல் இவற்றைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் இதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கு மேலே இல்லை. பல தலைமுறையாகச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கி நின்ற பார், அதாவது பவளத் திட்டு, போனதும் தீவின் மணலைக் கடல் அரித்துவிட்டது. தீவு கரைந்துபோகும் என்று வெட்டிய கூலிக்காரருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. சுனாமிக்குப் பிறகு வெட்டுவது ஓய்ந்தது.

பூங்காவின் எல்லை கரையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று அளக்கப்படவில்லை. ஆழத்தை வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பக்கத்தில் 3.5 பாகம், வெளிக்கடல் பக்கத்தில் 5 பாகம். ஒரு பாகம் ஆறு அடி. கயிற்றில் குண்டு கட்டி இறக்கிப் பார்த்தே வளர்ந்த மீனவருக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். ஆனால் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இறங்காது. கோடு எங்கே வளைகிறது, எங்கே திரும்புகிறது என்று நீர்ப்பரப்பைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. மிதவை போட்டுக் காட்டாத எல்லையை மீறினாய் என்று ஒருவரைப் பிடிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

திங்கள், குருசடை

குந்துகால் துறையிலிருந்து வனத்துறைப் படகு. 1897-ல் விவேகானந்தர் கொழும்பிலிருந்து திரும்பியபோது கரையேறிய இடம் இது, நினைவு மண்டபம் இருக்கிறது. துறையில் ஏறும்போதே பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதித்து வாங்கிவைத்துவிட்டார்கள். எல்லாத் தீவுகளுக்கும் இப்படிப் போக முடியாது. குருசடைக்கு மட்டும், அளவோடு, உடன் ஆள் வந்து அழைத்துப் போகிறார்கள். அந்த அளவு இருக்கும்வரை எனக்கு மகிழ்ச்சிதான்.

கடலுயிர் ஆய்வாளர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகத் தேடி வந்த தீவு இது. பழைய ஆய்வுக்கூடக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, ஓரமாக இடுப்பளவு நீர் இருக்கும் இடத்தில் நின்று குனிந்து பார்த்தேன். மான்கொம்பு போலக் கிளைத்த பவளம். அதன் பாதி கிளைகள் பழுப்பும் மஞ்சளுமாக உயிரோடு இருந்தன, நுனிகள் மட்டும் வெளிறியிருந்தன. புதிதாக வளரும் நுனி அப்படித்தான் இருக்கும். மறு பாதி செத்து, சாம்பல் நிறப் பாசி படர்ந்து, தொட்டால் பொடியும்போல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே விரல் நீளத்தில் வரி மீன்கள் நுழைந்து நுழைந்து வந்தன. நிழல் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் கிளைகளுக்குள் ஒடுங்கியது. கொஞ்சம் அசையாமல் நின்றதும் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின.

"செத்த பக்கம் எதனால்?" என்று கூட வந்த வழிகாட்டித் தம்பியிடம் கேட்டேன். உள்ளூர்ப் பையன், அப்பா நாட்டுப்படகில் போகிறவர். "வெயில், சார்" என்றான். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கோடையில் கடல் கொதித்தபோது பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் உடலுக்குள் தங்கி அதற்கு உணவூட்டும் நுண்பாசி, வெப்பம் தாங்காமல் வெளியேற்றப்படுகிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், இல்லையென்றால் பவளம் பட்டினியில் சாகும். 2016-ல் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. காவல் படகால் இதைத் தடுக்க முடியாது. ஆனால் வெளுத்த பார் மீண்டு எழ வேண்டுமானால் அதன்மேல் பாசியை மேய்ந்து சுத்தம் செய்யும் கிளிமீன்கள் வேண்டும், நங்கூரம் விழாமல் இருக்க வேண்டும், சேறு படியாமல் இருக்க வேண்டும். அவை மனிதர் கையில் இருக்கின்றன.

இன்னொரு தொல்லை கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் கராஜீனன் எடுப்பதற்காக இந்தக் கரையில் மிதவைகளில் கட்டி வளர்த்தார்கள். 2008-ல் அது குருசடையின் பவளங்கள்மேல் ஏறிவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு துண்டு உடைந்து விழுந்தாலும் அதிலிருந்தே வளர்ந்துவிடும். பவளக் கிளைகளுக்கு நடுவே புகுந்து, வெளிச்சம் படாமல் போர்த்தி, மூச்சடைத்துக் கொன்றுவிடும். கையால்தான் பிய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது, எடுத்த இடத்தில் மறுபடி வருகிறது. கரையோரப் பெண்கள் பலருக்கு அந்த வளர்ப்பு நல்ல வருமானம் தந்தது என்பதும் உண்மை. அதனால்தான் எதை எங்கே வளர்க்கலாம் என்பதை முதலிலேயே கடலறிந்தவர்களைக் கேட்டு முடிவு செய்திருக்க வேண்டும்.

செவ்வாய், சின்னப்பாலம்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன். இந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள்.

சின்னப்பாலம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப் பாசி. மரிக்கொழுந்திலிருந்து அகர் வருகிறது, கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். நம் ஐஸ்கிரீமிலும் மருந்திலும் துணிச் சாயத்திலும் இருப்பது இவர்கள் மூச்சடக்கிப் பறித்தது.

ஒரு அக்கா தம் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஒன்று, ரப்பர் பட்டை இற்றுப்போய் நைலான் கயிற்றால் கட்டியது. காலில் மாட்டத் தகரத் தட்டு, செருப்புப் போல வார் வைத்தது. அதுதான் துடுப்பு. பழைய சேலையைக் கிழித்த நாடாக்கள் ஒரு கட்டு. "இது எதற்கு அக்கா?" என்றேன். விரல்களைக் காட்டினார். ஒவ்வொரு விரல் நுனியிலும் நகத்தை ஒட்டி வெள்ளைக் கீறல்கள், ஆறியதும் ஆறாததுமாக. பாறையில் அறுபடாமல் இருக்க ஒவ்வொரு விரலாக நாடா சுற்றி, அதன்மேல் கையுறை மாட்டிக்கொள்வாராம். இடுப்பில் வலைப்பை கட்டி, சட்டை போட்டு, விடியற்காலை படகேறினால் மதியம் தாண்டும்வரை தண்ணீரில்.

"எங்கள் அம்மா காலத்தில் தீவிலேயே தங்கிப் பாசியைக் காயப்போட்டு எடுத்து வருவார்கள். பூங்கா வந்த பிறகு தீவில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். சரி, வைக்கவில்லை. பிறகு தண்ணீரிலும் வராதே என்றார்கள். தண்ணீரில் வராமல் எங்கே தம்பி போவது?"

1986 அறிவிப்பு வந்தபோது இவர்களை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பதுதான் அவர் மனத்தில் இன்னும் ஆறாமல் இருக்கிறது. பிடிபட்டு, பாசியைப் பறிகொடுத்து, வெறுங்கையோடு வீடு திரும்பிய நாட்களை மற்றப் பெண்களும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒன்றாகச் சேர்ந்து தங்களுக்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியும் எடுப்பதில்லை. இரும்பு கொண்டு சுரண்டுவதில்லை, அடியை விட்டுவிட்டு நுனியைக் கையால் பறிப்பது, பவளத்தில் கை வைப்பதில்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்காகவும், பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகப் பேசியதற்காகவும் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தது.

"மற்ற நாளில் வேறு ஊர்க்காரர்கள் வந்து எடுத்தால்?" என்றேன். "வந்தார்கள். சண்டை போட்டோம். இப்போது அவர்களும் அதே நாட்கணக்குக்கு வந்துவிட்டார்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினார். அடி விட்டுப் பறித்த இடத்தில் அடுத்த முறை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதை அவர் விரல் அளவில் காட்டினார், பெருவிரல் நுனியிலிருந்து முதல் கணு வரை. கடல் மேலாண்மை என்று பாடப்புத்தகத்தில் எழுதுவதை, உதவித்தொகையும் சம்பளமும் இல்லாமல் இவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். தீவுகளுக்குக் காவல் வேண்டுமென்றால் இவர்களைத்தான் முதலில் நியமிக்க வேண்டும். எந்தப் பாரில் இந்த வருஷம் என்ன மாறியது என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்?

புதன், தனுஷ்கோடி

ஓய்வு. அரிச்சல்முனை வரை போய்வந்தேன். 1964 புயல் விட்டுவைத்த சுவர்களைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. சிப்பி மாலைக் கடைகளில் பவளத் துண்டு ஏதும் விற்கிறார்களா என்று பார்த்தேன், கண்ணில் படவில்லை.

வியாழன், ராமேஸ்வரம்

விசைப்படகுகள் கரைக்கு வரும் காலை. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. அடிதடியும் வலையறுப்பும் நடந்த பிறகு உண்டான ஏற்பாடு இது. அதற்கு மேல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது.

ஏலம் நடக்கும் இடத்தைத் தாண்டி ஓரமாக ஒரு குவியல். சங்காயம். இழுவை மடியில் இறாலோடு சேர்ந்து வரும் வேண்டாத மீன், கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிறது. குந்தி உட்கார்ந்து கிளறிப் பார்த்தேன். சுண்டுவிரல் அளவு சங்கரா, கண் மட்டும் பெரிதாக. நகம் அளவு நண்டுகள், கால் ஒடிந்தவை. ஊழிக் குஞ்சு, நெத்திலியை ஒத்த ஏதோ பொடி. நாலைந்து கடற்புல் இலைகள், நுனி கிழிந்து. ஓராண்டு விட்டிருந்தால் இந்தச் சங்கரா ஒவ்வொன்றும் கூடையில் தனியாகப் போய் விலை பேசியிருக்கும். கிலோ கணக்கில் அள்ளிப் போடும் இந்தக் குவியலைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

ஒதுக்கிவைத்த கடல் பலன் தருவது எப்படி என்பதற்கான விடையும் இந்தக் குவியலில்தான் இருக்கிறது. மீனில் முட்டையின் எண்ணிக்கை உடலின் பருமனோடு பல மடங்காகக் கூடும். ஒரு பெரிய தாய் மீன் இடும் முட்டையைப் பத்துச் சிறு மீன்கள் சேர்ந்தாலும் இட முடியாமல் போகலாம். கலவாய் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து பெரிதான பிறகே ஆணாக மாறுகிறது. பெரியதை மட்டும் தேடித் தேடிப் பிடித்தால் ஆணே மிஞ்சாது. கிழட்டு மீன்கள் நிம்மதியாக வாழ ஓர் இடம் இருந்தால், அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு வெளியே போகும், இடம் போதாத மீன்களும் எல்லை தாண்டும்.

இதைக் கணக்குப் பார்த்துக் காட்டிய இடம் பிலிப்பைன்ஸ். சுமிலோன் தீவில் 1974-ல் சில்லிமான் பல்கலைக்கழகத்தின் ஆங்கெல் அல்காலா முயற்சியால் பாறையின் ஒரு பகுதி மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1984-ல் காவல் குலைந்து எல்லோரும் உள்ளே புகுந்து பிடித்தார்கள். பிடிக்க இடம் கூடியிருக்கிறது, மீனும் கூட வேண்டும் அல்லவா? இரண்டே ஆண்டில் தீவின் மொத்த மீன்பிடி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பக்கத்து ஆப்போ தீவில் 1980-களில் தீவு மக்களே பேசி முடிவு செய்து ஒரு சிறு பகுதியை மூடி, தாங்களே காவல் காத்தார்கள். அங்கே மீனும் நிலைத்தது, முக்குளிக்க வருகிறவர்களிடம் வாங்கும் கட்டணமும் வருகிறது. இரண்டு தீவிலும் கடல் ஒன்று, பவளம் ஒன்று, ஆய்வாளரும் ஒருவரே. காவல் யார் கையில் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நான் ஒதுங்கிக் கொடுக்கிறேன், தம்பி. ராத்திரி இரட்டைமடிக்காரன் வந்து அரித்துக்கொண்டு போனால் யார் கேட்பது?" கரையை ஒட்டிய கடலுக்குள் இழுவைப்படகு வரக் கூடாது என்று 1983 சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. அவர் கேட்டது விதியைப் பற்றி அல்ல.

வெள்ளி, பிரப்பன்வலசை

வடகடல் கரை. தட்டையான, அலையில்லாத நீரில் துடுப்புப்படகு விடுகிறார்கள். அடியில் முழுவதும் கடற்புல். ஆவுளியா என்ற கடற்பசு மேயும் புல் இது. அதைக் காப்பதற்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இங்கே எனக்கு ஒரே ஒரு மனக்குறை. ஆழமில்லாத இடத்தில் படகை விட்டு இறங்கி நிற்கிறவர்களை ஒருவரும் தடுக்கவில்லை. கடற்புல்லின் தண்டு மண்ணுக்குள் படுக்கையாக ஓடுகிறது, மிதித்து அறுந்தால் மூடி வளர நெடுநாள் ஆகும்.

சனி, காரங்காடு

தொண்டிச் சாலையில் இருக்கும் மீனவ ஊர். கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடம் முழுவதும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து சுற்றுலா நடத்துகிறார்கள். படகோட்டுவது ஊரார், வழிகாட்டுவது ஊர்ப் பிள்ளைகள், சமைப்பது ஊர்ப் பெண்கள்.

நீர் வற்றத் தொடங்கிய நேரம் படகேறினோம். ஓட்டிய அண்ணன் வாய்க்கால் குறுகியதும் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கழி ஊன்றினார். "சுழலி சேற்றைக் கிளப்பினால் குஞ்சு சாகும்" என்றார். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் அதன்மேல் கடுகளவு நத்தைகள், பாதி உயரத்தில் நீர் நின்ற கறை, அடியில் ஒரு ஊசித் துளை. துளையிலிருந்து ஒரு நண்டு ஒற்றைக் கொடுக்கை மட்டும் வெளியே வைத்துக் காத்திருந்தது. கழி அசைந்ததும் கண்ணாடி போல் உடல் தெரிகிற இறால் குஞ்சுகள் தெறித்து ஓடின. கடலில் அவர் பிடிக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் இதுதான் தொட்டில் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மீன் இல்லாத நாளில் இது சோறு போடுகிறதா?" என்று கேட்டேன். "சனி, ஞாயிறு போடுகிறது. மற்ற நாள் வலைதான். இரண்டும் வேண்டும். சுற்றுலாவையே நம்பினால் மழையில் என்ன செய்வது? வலையையே நம்பினால் வயிறு காட்டை வெட்டச் சொல்லும்." கூட்டம் கூடிப்போகிறது, படகைக் கூட்டச் சொல்லி வெளியிலிருந்து ஆட்கள் கேட்கிறார்கள், ஊர்க் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்றும் சொன்னார். கூட்ட வேண்டாம் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. பறவைகள் இறங்கும் சேற்றுத் திட்டுக்கு அருகில் எத்தனை படகு போகலாம் என்பதை டிக்கெட் விற்பனை முடிவு செய்யக் கூடாது, அந்தச் சேற்றில் பிழைக்கும் ஊர் முடிவு செய்ய வேண்டும்.

மதியம் நண்டுக் குழம்பு. சமைத்த அக்காவின் கணவர் காலையில் பிடித்த நண்டு. முட்டை வைத்த நண்டு வலையில் வந்தால் திரும்ப விட்டுவிடுவதாகச் சொன்னார். "எல்லோரும் விடுகிறார்களா?" என்றேன். "விடாதவர் வீட்டுக்கு நான் போய்க் கேட்டிருக்கிறேன்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். குருசடைப் படகு காற்றைப் பொறுத்தது, மண்டபம் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீரில் இறங்கினால் பவளத்தின்மேல் நிற்காதீர்கள், வெயில் தடுக்கும் களிம்புகளைப் பூசிக்கொண்டு இறங்காதீர்கள், முழுக்கைச் சட்டை போதும். கடற்குதிரை, கடல் அட்டை, பவளம் யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், வைத்திருப்பதே குற்றம். காரங்காட்டுக்கு ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகும் பஸ்ஸில் ஏறி விலக்கில் இறங்கலாம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். காலையிலேயே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருவார்கள், அந்தப் பணம் அந்த ஊரில்தான் தங்கும்.